பத்து எலும்புக்கூடுகளும் ஒரு சிவப்பு மேலங்கியும்

மேசை விளையாட்டுக்கென்று வாங்கிய எலும்புக்கூட்டுப் பொம்மைப் படைக்குப் பெயிண்ட் பூசும் வேலை ஒருவழியாக முடிந்தது. பத்து சாதா வீரர்கள், தரை வரை தொங்கும் மேலங்கி போட்ட தலைவன் ஒருவன். எல்லாம் பிளாஸ்டிக், 28 மி.மீ. அளவு. (இந்த 28 என்பது பாதம் முதல் கண்மட்டம் வரையான உயரம் என்று பொதுவாகச் சொல்வார்கள், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.) இதற்கு முன்னால் நான் பூசிய உருவங்களில் பெயிண்ட் தடித்து, விரலிடுக்கெல்லாம் அடைபட்டுக் கிடக்கும். இந்த முறை கையில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் ஒவ்வொரு விலா எலும்பும் தனியாகத் தெரிகிறது. நிறங்கள் பெரும்பாலும் பழைய பாட்டில்கள்தான். மாறியது ஒன்றுதான்: உருவத்தைத் தொடும் நேரத்தில் பிரஷில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். பேஸ் கோட் (முதல் நிறப் பூச்சு), வாஷ் (பள்ளத்தில் இறங்கி நிழல் தரும் நீர்த்த நிறம்), டிரை பிரஷ் (ஏறக்குறைய காய்ந்த பிரஷால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது), கிளேஸ் (அடிநிறம் ஊடே தெரியும் மெல்லிய பூச்சு) என்று தனித்தனிப் பெயரில் சொல்லித்தரப்படும் வித்தைகள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான் வேறுபடுகின்றன. செய்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

எலும்புக்கூட்டைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. புதிதாக ஆரம்பிப்பவருக்கு மேடுபள்ளம் நிறைந்த உருவம்தான் சுலபம். பள்ளத்தில் வாஷ் தானாக இறங்கும், மேட்டில் டிரை பிரஷ் தானாக ஒட்டும். பாதி வேலையை உருவமே செய்துவிடும். வழவழப்பான கவசமும் அகலமான துணியும்தான் ஆளைப் படுத்தும். அதனால்தான் பத்து வீரர்களுக்கு ஆன உழைப்பில் பெரும்பங்கை அந்த ஒரு தலைவனின் மேலங்கி தனியாக வாங்கிக்கொண்டது.

முதலில் வெட்டுவது. பாகங்கள் ஸ்ப்ரூ என்கிற பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். முறுக்கிப் பிய்த்தால் பாகத்திலும் ஒரு குழி விழும். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் கட்டரை எடுத்து, அந்தத் தட்டையான முகம் பாகத்தின் பக்கம் இருக்கும்படி பிடித்து, ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டினேன். மிச்சத்தைக் கத்தியால் சீவியாயிற்று. அப்புறம் அச்சுக் கோடு. இரண்டு அச்சுகள் சேரும் இடத்தில் பாகத்தைச் சுற்றி மெல்லிய வரம்பு ஒன்று ஓடும். வெறும் பிளாஸ்டிக்கில் அது கண்ணுக்கே படாது. வாஷும் டிரை பிரஷும் போட்டதும் மண்டையோட்டின் குறுக்கே பளிச்சென்று தெரியும். கத்தியின் வெட்டும் பக்கத்தால் சீவாமல், அலகின் முதுகைச் செங்குத்தாக வைத்துச் சுரண்டினால் போதும். உச்சந்தலை, கையின் பக்கவாட்டு, வாளின் நீளம், இந்த மூன்று இடத்திலும் நகத்தால் தடவிப் பார்த்துக்கொண்டேன். கண்ணை விட நகம் நம்பகமானது. வாளுக்கு மட்டும் மெல்லிய அரமும் 600 எண் உப்புத்தாளும் தேவைப்பட்டன.

பசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த வகை பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு பிளாஸ்டிக் சிமென்ட்தான் சரி. அது இரண்டு முகங்களையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். ரெசின், உலோகம், பலகை விளையாட்டுப் பெட்டிகளில் வரும் வளையும் பிவிசி உருவம் ஆகியவற்றில் அது பிடிக்காது. அவற்றுக்கு சூப்பர் க்ளூதான். கேடயங்களை மட்டும் ஒட்டாமல் தனியாக வைத்தேன். கேடயம் ஒட்டிவிட்டால் அதன் பின்னால் இருக்கும் மார்புக்கூட்டுக்குள் பிரஷ் போகவே வழியில்லை. கேடயத்தின் பின்பக்கம் கொஞ்சம் ப்ளூ டாக் (ஒட்டி எடுக்கக்கூடிய களிமண் போன்ற பசை) வைத்து ஒரு பல்குச்சியில் குத்தி நிறுத்தினால் அது பாட்டுக்கு நிற்கும். ஒட்டப்போகும் இடத்தில் பிரைமர் (நிறம் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) படியாமலும் ப்ளூ டாக் காத்துக்கொள்ளும். ரெசினும் உலோகமுமாக இருந்தால் இந்தக் கட்டத்தில் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் பழைய பல்துலக்கி போட்டுத் தேய்க்க வேண்டும், அச்சிலிருந்து கழற்றுவதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை போக. பிளாஸ்டிக்குக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. என் விரல் எண்ணெய் படிந்திருக்கும் என்று ஒரு முறை அலசிக்கொண்டேன், அவ்வளவுதான்.

பிரைமரில்தான் முதல் சறுக்கல். அக்ரிலிக் பெயிண்ட் வெறும் பிளாஸ்டிக்கில் சரியாகப் பிடிக்காது, நகம் பட்டால் உரியும். அதனால் ஸ்ப்ரே பிரைமர். டப்பாவுக்குள் இருக்கும் குண்டு கலகலக்க ஆரம்பித்த பிறகு இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும், 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் பிடிக்க வேண்டும், உருவத்துக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து உருவத்தைக் கடந்த பிறகே விரலை எடுக்க வேண்டும். குலுக்கியது சரி, கடத்தியதும் சரி. ஆனால் நல்ல உச்சி வெயிலில், காற்று வீசும் இடத்தில், பெயிண்ட் தடித்துவிடுமோ என்று பயந்து 40 செ.மீ. தள்ளி நின்று அடித்தேன். துளிகள் உருவத்தைத் தொடும் முன்பே காற்றில் பாதி காய்ந்துவிட்டன. மண்டையோடு முழுக்கச் சொரசொரப்பு. இரண்டு உருவங்களை மட்டும் வைத்துச் சோதித்ததால் மற்றவை பிழைத்தன.

அந்த இரண்டையும் 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மூழ்க வைத்து, கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, பல்துலக்கியால் தேய்த்தேன். ஒரு மணி நேர ஊறலில் பிரைமர் சுருண்டு வந்துவிட்டது; பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனை மட்டும் இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது, பாலிஸ்டைரீனையே அது கரைத்துவிடும். அப்புறம் காலை நேரம், நிழல், காற்றில்லாத இடம், 20 செ.மீ. தூரம். பட்டுப்போல வந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் நகத்தால் தடவினால் வழுக்கிக்கொண்டு போனது. காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருக்கும் நாளிலும் அடிக்கக் கூடாது, அது வேறு மாதிரிக் கெடுக்கும். வானிலை ஒத்துவரவே இல்லையென்றால் பிரஷால் பூசும் பாலியூரிதேன் பிரைமர் இருக்கிறது. அதைத் தண்ணீர் கலக்காமல் மெல்லிதாகப் பூசி, ஒரு நாள் முழுக்க இறுக விட வேண்டும்.

எல்லா உருவத்துக்கும் முதலில் சுற்றிலும் கறுப்பு, அது காய்ந்ததும் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளை. ஜெனித்தல் என்று இதற்குப் பெயர். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் எங்கே படுமோ அங்கே வெள்ளை, மறைவிடங்களில் கறுப்பு, நடுவில் சாம்பல். மேலே பெயிண்ட் பூசத் தொடங்கியதும் இந்த நிழல் மறைந்துவிடும். அதனால் தலைவனை மட்டும் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்தேன். பின்னால் மேலங்கியில் எந்த மடிப்பு வெளிச்சம், எது இருட்டு என்று குழம்பியபோதெல்லாம் அந்தப் படம்தான் வழிகாட்டியது.

பூச உட்காரும் முன் இரண்டு ஏற்பாடுகள். உருவத்தைக் கையால் பிடிக்கக் கூடாது. தடிமனான பாட்டில் மூடியில் ப்ளூ டாக் வைத்து அதன் மேல் நிறுத்தி, மூடியைத்தான் பிடிக்க வேண்டும். இரண்டு முழங்கையும் மேசையில், இரண்டு உள்ளங்கையின் அடிப்பாகமும் ஒன்றையொன்று தொட்டபடி. கை நடுங்கினாலும் இரண்டும் சேர்ந்து நடுங்கும், பிரஷ் நுனி தவறாது. அடுத்தது விளக்கு. 5000 கெல்வின் அருகில், சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேல் உள்ள வெள்ளை விளக்கு. மஞ்சள் விளக்கில் எலும்பு நிறமும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும்.

பெயிண்ட் காயாமல் வைத்துக் கலக்கும் ஈரத் தட்டான வெட் பேலட்டைக் கடையில் வாங்கவில்லை. மூடி இறுகும் தட்டையான பிளாஸ்டிக் டப்பா, அடியில் இரண்டு அடுக்கு ஸ்பாஞ்சுத் துணி, மேலே பேக்கிங் தாள். மெழுகு பூசிய தாள் வாங்கிவிட்டால் ஈரம் ஊடுருவாது. சிலிகான் பூச்சுள்ள பேக்கிங் தாள்தான் வேண்டும். தாள் சுருண்டால் இரண்டு பக்கமும் நனைத்துவிட்டுப் பரப்பினால் படியும். துணி நனைந்திருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. தாளின் மேல் முத்து முத்தாக நீர் நின்றால் டப்பாவைச் சாய்த்து வடித்துவிட வேண்டும். முதல் நாள் நான் நிறையவே ஊற்றிவிட்டேன். சிவப்புப் பெயிண்ட் தாள் முழுக்க ஓடி, பக்கத்தில் இருந்த எலும்பு நிறத்தோடு கலந்து இளஞ்சிவப்பாகிவிட்டது. சரியாக அமைந்த பிறகு, மூடி வைத்த பெயிண்ட் மறுநாளும் உபயோகத்துக்கு இருந்தது. தொடர்ந்து பல நாள் மூடியே வைத்தால் துணியில் நாற்றம் வரும், அவ்வப்போது பிழிந்து காயப்போட வேண்டும்.

இனி பதம். பெயிண்டைப் பால் போல நீர்க்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். தவறில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு அடர்த்தி. ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் என்று அளவும் சொல்ல முடியாது. நான் செய்தது இது: ஒரு சொட்டுப் பெயிண்டுக்கு ஈர பிரஷ் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து, கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு கோடு இழுத்தேன். கோட்டுக்குள் பிரஷ் மயிரின் தடம் வரிவரியாக நின்றால் இன்னும் தடிமன். நகத்தின் ஓரத்துக்கு ஓடி, சதையில் இறங்கினால் தண்ணீர் கூடிவிட்டது. கோடு அப்படியே நின்று, நகம் லேசாக ஊடே தெரிந்தால் பேஸ் கோட்டுக்குத் தயார்.

பதம் சரியாக இருந்தும் முன்பெல்லாம் எனக்குக் கெட்டுப்போனதற்குக் காரணம் வேறு. பெயிண்டின் பதம் ஒன்று, பிரஷ் சுமக்கும் அளவு இன்னொன்று. நீர்த்த பெயிண்டை வயிறு நிறையச் சுமந்த பிரஷ் உருவத்தைத் தொட்டதும் மொத்தத்தையும் இறக்கிவிடும். அது பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால், பேலட்டில் பெயிண்டை எடுத்ததும் பிரஷின் பக்கவாட்டை ஒரு முறை டிஷ்யூ தாளில் தொட்டுவிட்டு, பேலட்டில் ஒரு சுழற்று சுழற்றி நுனியைக் கூராக்கிக்கொண்டு, அப்புறம்தான் உருவத்துக்குப் போனேன். ஒரு விநாடி வேலை. டிஷ்யூ தாள் இடது கைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், எட்டி எடுக்கும்படி இருந்தால் சோம்பல் வந்துவிடும்.

பிரஷைப் பற்றி. சின்ன உருவத்துக்குச் சின்ன பிரஷ் என்று நினைத்து 000 வாங்கி வைத்திருந்தேன். அதன் நுனியில் இருக்கும் துளிப் பெயிண்ட், பேலட்டிலிருந்து உருவத்துக்கு வருவதற்குள்ளேயே காய்கிறது. 1 அல்லது 2 எண் பிரஷுக்கு வயிறு பெரிது, ஈரம் தாங்கும். நுனி கூராக இருந்தால் கண்குழி வரை அதிலேயே போகலாம். இந்த முறை புதிதாக வாங்கியது கோலின்ஸ்கி மயிரில் செய்த 1 எண் பிரஷ் ஒன்று. கோலின்ஸ்கி என்பது சைபீரியப் பக்கத்து வீசல் (weasel) இனத்தைச் சேர்ந்த சிறு விலங்கு. அதன் வால் மயிர். வின்சர் அண்ட் நியூட்டனின் சீரிஸ் 7, ரஃபேல் 8404 ஆகியவை இந்த வகையில் பலரும் சொல்லும் பெயர்கள். செயற்கை இழை பிரஷ் வேலைக்கு ஆகாது என்றில்லை, ஆனால் அதன் நுனி கொஞ்ச நாளில் கொக்கியாக வளைந்துகொள்ளும். அதை பேஸ் கோட்டுக்கு ஒதுக்கிவிட்டேன். எந்த பிரஷாக இருந்தாலும் மயிரின் பாதிக்கு மேல் பெயிண்ட் ஏறக் கூடாது. உலோகக் குழலுக்குள் போய்க் காய்ந்துவிட்டால் மயிர் விரிந்து, நுனி இரண்டாகப் பிளக்கும். தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிறுத்தி வைப்பதும் அதே கதைதான்.

வீரர்களுக்கு நீர்த்த எலும்பு நிறம் இரண்டு பூச்சு. முதல் பூச்சு திட்டுத்திட்டாகவே இருக்கும், அதைப் பார்த்து அவசரப்பட்டு அங்கேயே திரும்பத் தேய்க்கக் கூடாது. பாதி காய்ந்த அக்ரிலிக் ஒரு மெல்லிய தோலாக நிற்கும். பிரஷ் பட்டால் தோல் கிழிந்து அடியில் கறுப்பு தெரியும். பத்து பேரையும் வரிசையாக நிறுத்தி ஒவ்வொரு நிறமாகப் பூசிக்கொண்டு போனதால், கடைசி ஆளுக்கு வரும்போது முதல் ஆள் காய்ந்திருப்பான். ஆனால் பத்து பேர் என்பது சலிப்பு. ஆறாவது ஆளுக்கு மேல் கை தானாக அவசரப்பட்டது. ஐந்து ஐந்தாகப் பிரித்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் பழுப்பு வாஷ். சிட்டாடெலின் ஆக்ராக்ஸ் எர்த்ஷேட், ஆர்மி பெயின்டரின் ஸ்ட்ராங் டோன், எது கிடைத்தாலும் சரி. இது மட்டும்தான் பிரஷ் நிறைய ஈரத்தோடு உருவத்துக்குப் போகும் வேலை. அதற்காக ஊற்றிவிட்டுப் போய்விடவும் கூடாது. மார்புக்கூடு, இடுப்பு, மண்டையோடு என்று பகுதி பகுதியாகப் பூசி, எங்கே தேங்குகிறதோ அங்கே சுத்தமான ஈர பிரஷின் நுனியை வைத்தால் அது உறிஞ்சிக்கொள்ளும். விலா எலும்புகளில் இது அற்புதமாக வேலை செய்தது. மண்டையோட்டின் உச்சியில் தேங்கியதை இரண்டு பேருக்குக் கவனிக்காமல் விட்டதில், காய்ந்ததும் ஓரம் அடர்ந்து ஒரு வட்டம் நின்றுவிட்டது. ஈரத்தில் சரிசெய்யப் போகாமல், முழுக்கக் காய விட்டு, நீர்த்த எலும்பு நிறத்தை உச்சியில் மட்டும் இரண்டு முறை போட்டு மறைத்தேன். வழவழப்பான இடத்தில் வாஷை முழுசாகப் பூசாமல் ஓரங்களில் மட்டும் கோடாக விடுவது நல்லது என்பது இதில் தெரிந்தது.

டிரை பிரஷ் எதிர்முனை. இங்கே ஈரம் கிட்டத்தட்ட இல்லை. முகப்பூச்சுக்கு விற்கும் உருண்டை பிரஷ், மயிர் அடர்த்தியாகவும் மென்மையாகவும் இருப்பது, இதற்கு மிகப் பொருத்தம். பழைய முரட்டு பிரஷை எடுத்தால் கீறல் கீறலாக விழும். எலும்பு நிறத்தில் வெள்ளை கலந்து, நீர்க்காமல், நுனியில் கொஞ்சம் எடுத்து, தாளில் தடம் விழாத வரை துடைத்தேன். பிறகு புறங்கையில் லேசாக ஓட்டிப் பார்த்தேன். தோலின் நுண்ணிய ரேகைகள் மட்டும் வெளுத்தால் சரி. பட்டையாக வெள்ளை விழுந்தால் இன்னும் துடைக்க வேண்டும். விலா எலும்பு கிடையாக ஓடுகிறது என்றால் பிரஷ் மேலும் கீழுமாகப் போக வேண்டும். ரொம்பவும் காய்ந்த பிரஷில் சுண்ணாம்புத் தூளாகப் படியும். அதற்கு ஒரு வழி: நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சில் பிரஷை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பெயிண்ட் எடுப்பது. அந்த இம்மியளவு ஈரத்திலேயே தூள் நின்றுவிட்டது. கடைசியாக உச்சந்தலை, கன்ன எலும்பு, தோள் முனை ஆகியவற்றில் மட்டும் ஏறக்குறைய வெள்ளை. கண்குழியில் அடர்பழுப்பு ஒரு பொட்டு. வீரர்கள் முடிந்தார்கள்.

வாள்களுக்கு அடர் உலோக நிறம், மேலே அதே பழுப்பு வாஷ், துரு வேண்டிய இடத்தில் கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டால் ஆரஞ்சு ஒற்றல். உலோக நிறத்துக்குத் தனித் தண்ணீர், தனி பேலட். அதில் இருக்கும் மினுக்குத் துகள் ஒரே தண்ணீரில் கலந்தால் அடுத்து பூசும் எலும்பு நிறமும் மினுக்கும். வெட் பேலட்டில் போட்டால் துகள் பிரிந்து பரவும். பழைய பீங்கான் ஓடு ஒன்றில் கலந்துகொண்டேன்.

இப்போது மேலங்கி. சிவப்பு மூடாத நிறம். மஞ்சளும் அப்படித்தான். கறுப்பின் மேல் நேராகச் சிவப்பு போட்டால் எத்தனை பூச்சு போட்டாலும் செத்துப்போன நிறமாகவே இருக்கும். சலித்துத் தடிமனாக அப்பத் தோன்றும், அங்கேதான் கெடும். அதனால் முதலில் செம்பழுப்பு. அது இரண்டே பூச்சில் மூடிவிட்டது. அதன் மேல் சிவப்பு மூன்று மெல்லிய பூச்சு, ஆழமான பள்ளங்களை விட்டுவிட்டு. நிழலுக்குக் கறுப்பு சேர்க்காமல் சிவப்பில் துளி அடர்பச்சை சேர்த்தேன். கறுப்பு சேர்த்தால் சாம்பல் தட்டும், பச்சை சேர்த்தால் கறுஞ்சிவப்பாகவே இருட்டும். வெளிச்சத்துக்கு வெள்ளை சேர்த்தால் ரோஜா நிறமாகிவிடும், அங்கே ஆரஞ்சு.

ஒரு மடிப்பை மட்டும் எடுத்துச் சொல்கிறேன், மற்றவையும் இப்படியே. தோளிலிருந்து இறங்கும் பெரிய மடிப்பின் முதுகு ஏறக்குறைய இரண்டு மி.மீ. அகலம். சிவப்பும் ஆரஞ்சும் பாதிப் பாதி கலந்து, அந்த முதுகின் மேல்பாதியில் கீழிருந்து மேலாக இழுத்தேன். திசை முக்கியம்: பிரஷ் எங்கே மேலே எழுகிறதோ அங்கேதான் நிறம் அதிகம் சேரும். வெளிச்சம் பூசும்போது இழுப்பு வெளிச்சத்தில் முடிய வேண்டும், நிழல் பூசும்போது பள்ளத்தில் முடிய வேண்டும். நான் முதலில் எல்லாவற்றையும் மேலிருந்து கீழாகவே இழுத்துக்கொண்டிருந்தேன். மடிப்பின் நடுவில் ஆரஞ்சு குவிந்து ஒரு திட்டு. திசையை மாற்றியதும் திட்டு போய்விட்டது. அடுத்து முக்கால் பங்கு ஆரஞ்சு, முதுகின் உச்சிக் கோட்டில் மட்டும். இப்போது மூன்று நிறங்களும் படிக்கட்டாகத் தெரியும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும். அதுதான் கிளேஸுக்கான நேரம். ஒரு பங்கு சிவப்பு, நான்கைந்து பங்கு மேட் மீடியம் (நிறமில்லாத, பெயிண்ட் போன்ற கலவைத் திரவம்), கொஞ்சம் தண்ணீர். வெறும் தண்ணீரில் அவ்வளவு நீர்த்தால் நிறம் ஓடி ஓரங்களில் திரளும், மீடியம் அதைப் பிடித்து வைக்கும். பிரஷை டிஷ்யூவில் நன்றாகவே ஒற்றிவிட்டு, படிகள் சேரும் கோட்டின் மேல் ஒரே ஒரு இழுப்பு. போட்டது தெரியவே கூடாது. காய்ந்ததும் இன்னொன்று. மூன்று நான்கு இழுப்பில் படிக்கட்டு சரிவாக மாறியது. கிளேஸில் ஈரப் பளபளப்பு ஒரு விநாடிக்கு மேல் நின்றால் பிரஷில் அதிகம் இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

தலைவனின் இடுப்பு வாருக்கும் பைக்கும் மட்டும் கான்ட்ராஸ்ட் பெயிண்ட். 2019இல் கேம்ஸ் வொர்க்ஷாப் கம்பெனி கொண்டுவந்த வகை. ஒரே பூச்சில் நிறமும் நிழலும் சேர்ந்து வரும், அடியில் வெளுப்பான பிரைமர் இருக்க வேண்டும். ஜெனித்தல் மேல் தோல் பொருட்களுக்கு இதை விடச் சுலபமான வழி தெரியவில்லை. இதையே மேலங்கிக்கும் போட்டுவிடலாமே என்று தோன்றும். அகலமான வழவழப்பில் அது திட்டுத்திட்டாக நிற்கும். உயிரிகளின் உரோமம், தோல், சங்கிலிக் கவசம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

கேடய விளிம்புக்கு வெளிச்சக் கோடு இழுக்கும்போது நுனியால் வரையப் போனால் கோடு நெளிகிறது. பிரஷைச் சாய்த்து, மயிரின் பக்கவாட்டை விளிம்பின் மேல் வைத்து ஓட்டினால் விளிம்பே கோட்டை நேராக வைத்துக்கொள்ளும். மேல்பக்க விளிம்புகளுக்கு மட்டும் போட்டேன்.

பீடம் எனக்குக் கொஞ்சம் தலைகீழாகிவிட்டது. உருவம் முழுக்கப் பூசி முடித்த பிறகு பிவிஏ பசை (வெள்ளைப் பசை) தடவி மணல் தூவினேன். மணலுக்குப் பழுப்பு அடித்து டிரை பிரஷ் போடும்போது முடிந்துபோன கணுக்கால்களிலும் மேலங்கியின் ஓரத்திலும் பழுப்பு ஏறியது. மேலங்கி ஓரத்துச் சேறு என்று விட்டுவிட்டேன், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கால்களைத் திரும்பப் பூச வேண்டியதாயிற்று. மணலை பிரைமருக்கு முன்பே ஒட்டியிருந்தால் இந்த வேலையே இல்லை, மணலுக்கும் பிரைமர் கிடைத்திருக்கும். பொடி மணலோடு கொஞ்சம் பெரிய கல்லும் கலந்தால்தான் தரையாகத் தெரிகிறது. பீடத்தின் சுற்றோரத்துக்குக் கறுப்பு.

வார்னிஷ் மேட் (பளபளப்பில்லாத வகை). விளையாட்டுக்கு எடுத்துக் கையாளப்போகும் உருவம் என்பதால் முதலில் ஒரு பூச்சு கிளாஸ் (பளபளப்பு வகை), அது உறுதி. அதன் மேல் மேட், பளபளப்பைக் குறைக்க. மேட் பாட்டிலின் அடியில் மங்கலாக்கும் பொடி தங்கிவிடும், நன்றாகக் குலுக்காவிட்டால் மேட் என்று எழுதிய பாட்டிலிலிருந்தே பளபளப்பு வரும். ஸ்ப்ரே வார்னிஷ் என்றால் பிரைமருக்குச் சொன்ன அதே வானிலைக் கணக்கு, இன்னும் கண்டிப்பாக. ஈரக் காற்றில் வெள்ளைப் பனி படர்ந்தால் மொத்த உழைப்பும் மங்கிவிடும். அந்தப் பயத்தில் நான் பிரஷாலேயே பூசினேன். மேட் போட்டதும் வாள்களின் உலோகக் களை போய்விட்டது, அங்கே மட்டும் திரும்ப ஒரு தொடு கிளாஸ். செயற்கைப் புல் எல்லாம் இதற்குப் பிறகுதான் ஒட்ட வேண்டும்.

செலவுக் கணக்கு என்றால், பணம் பேசியது பிரஷிலும் விளக்கிலும்தான். பெயிண்டில் மொத்தம் பதினொரு பாட்டில் திறந்தேன்: கறுப்பு, வெள்ளை, எலும்பு நிறம், அடர்பழுப்பு, செம்பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, அடர்பச்சை, உலோகம், பழுப்பு வாஷ், தோல் நிறக் கான்ட்ராஸ்ட். 17, 18 மி.லி. பாட்டில்களில் இந்தப் படைக்கு ஆனது அளவில் குறைந்ததாகவே தெரியவில்லை. ஐம்பது நிறப் பெட்டியைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் அந்தக் காசில் ஒரு நல்ல பிரஷும் அதைக் கழுவ பிரஷ் சோப்பும் வாங்கலாம். கோலின்ஸ்கியை ஒவ்வொரு முறையும் சோப்பில் கழுவி, நுனியைக் கூராக்கி, படுக்க வைத்தேன். புதிதாக வந்த கூர் இன்னும் அப்படியே இருக்கிறது. உலோக நிறத்துக்கும் டிரை பிரஷுக்கும் அதைத் தொடவே இல்லை.

அடுத்த பெட்டி குதிரைப்படை. மணலை முதலிலேயே ஒட்டிவிடுவேன். வீரனையும் குதிரையையும் தனித்தனியே பூசிக் கடைசியில் சேர்ப்பேன், சேணத்தில் ஒட்டும் இடத்தை மறைத்து வைத்துக்கொண்டு. சிவப்புக்குக் கலந்த விகிதங்களை எழுதிவைக்காமல் விட்டதால், இந்தத் தலைவனின் மேலங்கிக்குப் பொருந்தும் சேணத்துணி நிறத்தை இப்போது அட்டைத் துண்டில் கலந்து கலந்து தேடிக்கொண்டிருக்கிறேன். இனி ஒவ்வொரு கலவையும் ஒரு பொட்டு, பக்கத்தில் விகிதம் என்று அந்த அட்டையிலேயே ஏறும்.